விளக்கமறியல்

‘சந்தேக நபரை எதிர்வரும் திகதி வரை விளக்கமறியலில் வைக்குமாறு நீதவான் உத்தரவிட்டார்’ என்ற தொடர் இலங்கையின் மலையக நகரங்களான ஹட்டனிலும் பதுளையிலும் நாளிதழ் படிக்கும் எவருக்கும் மனப்பாடம். தேயிலைத் தோட்டப் பேச்சில் இது ‘றிமாண்ட்’. மூத்தோர் ‘மறியல்ல போட்டுட்டாங்க’ என்பதோடு நிறுத்திக்கொள்வர். பிணை கிடைக்கும் வரை அல்லது வழக்கு முடியும் வரை, சந்தேக நபரை நீதிமன்றக் கட்டளைப்படி சிறைச்சாலையின் பொறுப்பில் வைத்திருப்பதே இதன் பொருள்.

றிமாண்ட் என்பது இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘திருப்பி அனுப்பக் கட்டளையிடுதல்’ என்பது அதன் மூலப்பொருள். தமிழ்ச் சொல் இதன் நேர் மொழிபெயர்ப்பன்று. மறித்தல், தடுத்து நிறுத்துதல். அதிலிருந்து பிறந்த மறியல் தமிழகத்தில் சாலை மறியல் போன்ற போராட்டத்தைக் குறிக்க, இலங்கையில் காவலையும் சிறையையும் குறித்து நிலைத்தது. விளக்கம் என்பது இங்கே பொருள் விரித்துரைத்தல் அன்று. இலங்கைச் சட்டத் தமிழில் அது வழக்கு விசாரணையைக் குறிக்கும். மூன்று நீதிபதிகள் அமர்ந்து விசாரிப்பதை ‘நீதாய விளக்கம்’ என்பதும் இவ்வழக்கே. ஆகவே விளக்கமறியல் என்பது விசாரணைக்காக மறித்து வைத்தல். தமிழகத்தின் ‘நீதிமன்றக் காவல்’ யார் காவல் என்பதைச் சொல்கிறது. நம் சொல் எதற்காக என்பதையும் சொல்வதால் அதுவே மேலானது என்பேன். அமைச்சரின் ஆணைப்படி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரை வைத்திருப்பது தடுப்புக்காவல். தீர்ப்புக்குப் பின் வருவது சிறைத்தண்டனை. இம்மூன்றையும் கலந்து எழுதலாகாது.

இலங்கைச் சிறைகளின் நெரிசலுக்கு முதற் காரணமும் இச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஏறத்தாழ 12,000 பேருக்கு இடமுள்ள சிறைகளில் அதன் இரு மடங்குக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருக்கின்றனர்; அவர்களுள் பெரும்பகுதியினர் தீர்ப்புப் பெறாத விளக்கமறியல் கைதிகள். 1876இல் கட்டப்பட்ட கண்டி போகம்பரைச் சிறை 2014இல் மூடப்பட்டுக் கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். ஆயினும் கட்டடத்தை மாற்றுவதால் உள்ளே வருவோர் தொகை குறைவதில்லை. பொலிஸார் 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் போதைப்பொருள் சந்தேக நபர்கள் பெருந்தொகையாகக் கைதானார்கள். இத்தகைய வழக்குகளில் கைப்பற்றிய பொருள் பற்றிய அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை தாமதமாகத் தாமதமாக, மறியலும் நீள்கிறது.

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை வழங்குவதையே விதியாகவும் மறுப்பதை விலக்காகவும் வகுத்தது. மேல் நீதிமன்றம் நீடித்தாலன்றி 12 மாதங்களுக்கு மேல் ஒருவரை விளக்கமறியலில் வைத்திருக்கலாகாது என்றும் கூறுகிறது. போதைப்பொருள் சட்டம் போலப் பிணைக்கெனத் தனி ஏற்பாடுள்ள சட்டங்கள் இதற்குப் புறம்பானவை. நெரிசலைக் குறைக்க முதலில் தளர்த்த வேண்டிய முடிச்சு அதுவே என்பது என் கருத்து.

பிணை கிடைத்த பின்னும் மலையகத்தவருக்கு இன்னொரு தடை உண்டு. இருவர் கொண்ட சரீரப் பிணை, அதாவது சந்தேக நபருக்காக ஆட்கள் பொறுப்பேற்கும் பிணை என்றால், பிணைக்காரர் இருவரும் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் பெற்று நீதிமன்றம் வர வேண்டும். லயம் எனப்படும் தோட்ட வரிசை வீடுகளில் பல குடும்பங்களுக்கும் தோட்டத்தின் பெயரே முகவரி. வீட்டுக்கோ நிலத்துக்கோ உறுதிப் பத்திரம் இல்லை. வேலைக்குப் போகாத அன்றைக்குப் பேர் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) விழாது. கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுந்தாலே கடையில் கடன் சொல்ல வேண்டிய வீட்டிலிருந்து இருவர் எத்தனை முறை பஸ் ஏறுவார்கள்? பிணைக்காரர் அமையாததால் மட்டுமே உள்ளே இருப்பவரை நீதிமன்றமோ சமூகமோ பாதுகாப்பு கருதி அடைத்து வைத்திருப்பதாகச் சொல்ல முடியாது.

இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. பிணைக்காரர் இல்லாமல், சந்தேக நபரின் சொந்தப் பிணைமுறியிலேயே விடுவிக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு. சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையிட 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. சட்டத்தரணிக்குப் பணம் கட்ட இயலாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பொலிஸில் சிங்களத்தில் பதியப்பட்ட வாக்குமூலத்தின் பொருளை முதலில் அந்த ஆணைக்குழுவில் கேட்டறிந்துகொள்வது நல்லது.