முகத்துவாரம் எப்போது வெட்டுவது?

மட்டக்களப்பு வாவி என்றதும் வெளியூர்க்காரர் பாடும் மீனைத்தான் விசாரிப்பார்கள். மார்கழி மழை விடாமல் கொட்டும்போது ஊருக்குள் கேட்கும் கேள்வி வேறு: "முகத்துவாரம் வெட்டியாச்சா?"

ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமான இந்த வாவி பாலமீன்மடுப் பக்கமும் கல்லாற்றுப் பக்கமும்தான் கடலோடு சேர்கிறது. அந்த வாயைத்தான் முகத்துவாரம் என்கிறோம். கரையில் சரிவாக வந்து மோதும் அலைகள் கரையோரமாகவே மணலை நகர்த்திக்கொண்டு போகும். ஆற்றுநீர் வேகமாக வெளியேறிக்கொண்டிருக்கும்வரை அந்த மணல் முகத்துவாரத்தில் தங்காது. கோடையில் முந்தனை ஆறு மெலிந்ததும் மணல் வென்றுவிடும், திட்டு எழும்பி வாயை அடைத்துவிடும். நமது கரையில் கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. வாயைத் திறந்தே வைத்திருக்க அந்த ஓட்டம் போதாது.

மாரியில் வாவி நிரம்பும்போது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பள்ள வயல்கள் மூழ்கத் தொடங்கும். வேளாண்மை, அதாவது நெற்பயிர், தண்ணீருக்கடியில் ஒரு கிழமை வரை தாக்குப்பிடிக்கலாம், அப்புறம் அழுகல்தான். ஆகவே விவசாயி உடனே வெட்டச் சொல்வார். மீனவர் "கொஞ்சம் பொறுங்க" என்பார். அதைச் சுயநலம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நல்ல நீரியல் தெரிகிறது.

திட்டில் மனிதர் வெட்டுவது ஒரு ஒடுங்கிய வாய்க்கால் மட்டுமே. மிச்சத்தைத் தண்ணீர் வெட்டும். வாவிமட்டம் கடல்மட்டத்தைவிட நன்றாக உயர்ந்திருந்தால் ஓட்டம் வேகமெடுக்கும். வேகம் கொஞ்சம் கூடினாலே மணலை அள்ளும் திறன் பல மடங்காகும். கரைகள் இடிந்து, சில மணித்தியாலங்களில் வாய்க்கால் பெரிய வாயாகிவிடும். கடல் வற்றில் இருக்கும்போது வெட்டினால் இன்னும் நல்லது. மட்டம் போதாதபோது வெட்டினாலோ ஓட்டம் சோர்ந்துபோகும், அலைகள் திரும்ப மணலைப் போட்டு அடைத்துவிடும். செய்த வேலை வீண்.

இறாலின் கணக்கு இன்னொன்று. தாய் இறால் கடலில்தான் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் இரண்டு மூன்று கிழமையில் கரையை நெருங்கி, வாய் திறந்திருந்தால் வாவிக்குள் நுழையும். கண்டல் வேர்களுக்கிடையிலும் கடற்புல்லுக்குள்ளும் சில மாதங்கள் ஒளிந்து வளர்ந்து, பருத்தபின் கடலுக்குத் திரும்பும். வாய் திறக்காமலே போனால் குஞ்சு உள்ளே வராது. அவசரமாகத் திறந்தால், உள்ளே இருப்பவை வளருமுன்பே வெள்ளத்தோடு அடிபட்டுப்போகும். வலையில் ஏறும் இறாலின் பருமனைப் பார்த்து மீனவர் சொல்லும் 'பொறுங்க' இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது.

ஊரே மண்வெட்டியோடு இறங்கவேண்டியிருந்த காலத்தில் ஒரு தரப்பு மட்டும் நினைத்து வெட்டுவது சுலபமாக இருந்திருக்காது. இப்போது மாவட்டச் செயலகத்தில் பேசி முடிவெடுத்து, மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தை இறக்கினால் சரி. பள்ளக்காணிகளில் வீடுகளும் எழுந்துவிட்டதால், முதல் வெள்ளத்திலேயே 'வெட்டுங்கள்' என்ற குரல் பலமாகிறது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவரிடம் இறால் குஞ்சைப் பற்றிப் பேசுவது லேசல்ல, அது உண்மை.

ஆனால் சீக்கிரம் வெட்டுவது வயலுக்கும் எப்போதும் லாபமில்லை. வாவி வடிந்தபின் மழை பொய்த்து, வாயும் திறந்தே கிடந்தால், கடல்நீர் உள்ளே ஏறும். ஓடைகள் வழியாகப் பள்ள வயல்வரை உப்பு போய்ச் சேரலாம். அப்படி உப்பேறிய மண்ணைக் கழுவ அடுத்த மாரிதான் வரவேண்டும்.