வைஃபை டிரைவரில் மோதலைச் சோதிக்கிறவர்கள் கவனத்துக்கு

வயர்லெஸ் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்கள் பலரும் முதலில் கேட்பது, "பின்வாங்கும் நேரத்தைக் குறைத்தால் வேகம் கூடுமா?" என்பதுதான். இரண்டு கருவிகள் ஒரே சமயத்தில் அனுப்பி மோதாமல் இருக்க, அனுப்பும் முன் ஒவ்வொன்றும் காத்திருப்பதே பின்வாங்கும் நேரம். அதைக் குறைத்தால் வேகம் கூடும், ஒரே ஒரு கருவி மட்டும் அப்படிச் செய்தால். அந்த வேகம் பக்கத்தில் இருப்பவர்களின் முறையைப் பறித்து வருவது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வைஃபை கருவி அனுப்பும்போதே தன் சிக்னல் மோதுகிறதா என்று கேட்க முடியாது. அதன் சொந்த அலையே ரிசீவரை மூழ்கடித்துவிடும். அதனால் அனுப்பும் முன், சேனலில் (தான் பயன்படுத்தும் அலைவரிசையில்) வேறு யாராவது அனுப்புகிறார்களா என்று கேட்கிறது. சேனல் ஓய்ந்தால், 0 முதல் 15 வரை ஏதோ ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து, அத்தனை ஸ்லாட் (சிறு நேரத் துண்டு) காத்திருக்கிறது. வைஃபையின் 802.11ஏ தரத்திலும், பழைய 802.11பி கருவிகள் இல்லாதபோது ஜி தரத்திலும் ஒரு ஸ்லாட் 9 மைக்ரோநொடி. ஒரே சமயத்தில் எண் எடுக்கும் இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் விழும் வாய்ப்பு 16-ல் 1. உச்ச வரம்பை 3 ஆக்கினால் 4-ல் 1. 1 ஆக்கினால் பாதிக்குப் பாதி. அனுப்பியது மோதிப்போன கருவி வரம்பை 31, 63 என்று ஏற்றி 1023 வரை விட்டுக்கொடுக்கிறது. நீங்கள் ஏற்றாமல் நின்றால், ஒழுங்காக நடப்பவர்தான் மேலும் மேலும் பின்னுக்குப் போவார்.

அளவீட்டிலும் ஏமாறுவார்கள். ஒப்புகை (கிடைத்தது என்ற பதில்) வரவில்லை என்பதை மட்டுமே டிரைவர் (வைஃபை கருவியை இயக்கும் மென்பொருள்) அறியும். மோதலா, பலவீனமான சிக்னலா என்று அதற்குத் தெரியாது. போதாததற்கு, லினக்ஸின் மின்ஸ்ட்ரல் போன்ற வேகத் தேர்வு முறை, இழப்பைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும். அதனால் பிரேம் (ஒரு முறை அனுப்பும் தரவுத் துண்டு) காற்றில் நீண்ட நேரம் இருக்கும். நம் கருவிக்குக் கேட்காமல் மறைந்திருக்கும் கருவியோடு மோதும் வாய்ப்பு இன்னும் கூடும். ஆகவே முதலில் வேகத்தை ஒரே அளவில் பூட்டுங்கள். மோதியும் பிழைக்கும் பிரேம்கள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்: இரண்டில் ஒன்று போதிய அளவு வலுவாக இருந்தால், ரிசீவர் அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஆன்டெனாவைக் கழற்றி, கேபிளும் அட்டெனுவேட்டரும் (சிக்னலின் வலுவைக் குறைக்கும் சாதனம்) வைத்து இணைத்துச் சோதிப்பதே என் கண்டிப்பான பரிந்துரை. அட்டெனுவேட்டர் இல்லாமல் நேராக இணைத்தால் ரிசீவர் பழுதாகலாம். சேனலைக் கேட்கும் வழக்கத்தையே அணைத்துவிட்டுத் திறந்த வெளியில் அனுப்பாதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்களை ரேடார்களும் பகிர்கின்றன.

லினக்ஸ் கணினியை அக்சஸ் பாயின்ட்டாக (மற்றக் கருவிகள் இணையும் மையக் கருவி) மாற்றும் ஹோஸ்ட்ஏபிடி மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று. அதன் அமைப்புக் கோப்பில் இந்தக் காத்திருப்பு வரம்பை இரண்டு வகை வரிகளில் எழுதலாம். டிஎக்ஸ் கியூ வரிகள் அக்சஸ் பாயின்ட்டின் சொந்த அனுப்புதலுக்கு மட்டும். டபிள்யூஎம்எம் வரிகளோ பீக்கன் (அக்சஸ் பாயின்ட் அடிக்கடி அனுப்பும் அறிவிப்பு) வழியே இணைந்திருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் போய்ச் சேரும். எழுதும் முறையும் வேறு: முன்னதில் 3 என்றால் 3 தான், பின்னதில் 3 என்பது இரண்டின் மூன்றாம் அடுக்கில் ஒன்று குறைவு, அதாவது 7. லினக்ஸின் ஐடபிள்யூ கட்டளையில் மாற்றியவை டிரைவரை மறுபடி ஏற்றினால் போய்விடும். ஹோஸ்ட்ஏபிடி கோப்பில் எழுதிய வரிகள் அடுத்த முறை இயக்கும்போதும் அப்படியே இருக்கும். சோதனை முடிந்ததும் அவற்றை நீங்களே நீக்கிவிட்டு, பீக்கனைப் பிடித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.