வளையத்தைத் திருகினால் வண்டி ஏன் உயர்கிறது?

அமெரிக்காவில் டொயோட்டா டகோமா பிக்கப் வாங்கும் சிலருக்கு, வண்டி வீட்டு வாசலுக்கு வந்ததும் கை சும்மா இருக்காது. முன்பக்க சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு ஃபாக்ஸ், கிங், ஐகான் போன்ற நிறுவனங்களின் காயில்ஓவரை மாட்டிவிடுவார்கள். காயில்ஓவர் என்பது புதிய சங்கதி இல்லை. நடுவில் ஷாக் அப்சார்பர், அதைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங், அவ்வளவுதான். கம்பெனியிலிருந்து வரும்போதே டகோமாவின் முன்பக்கத்தில் இருப்பதும் அந்த ஜாதிதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. வெளியில் வாங்கும் இந்த வகையில் ஷாக்கின் உடம்பில் மரை வெட்டியிருக்கும். அந்த மரையில் ஒரு வளையம் ஏறி இறங்கும். ஸ்பிரிங்கின் மேல்முனை அந்த வளையத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். வளையத்தைக் கீழ்நோக்கித் திருகினால் வண்டி உயரும்.

ஏன் உயர்கிறது என்று கேட்டால், திருகியவர்களில் பாதிப் பேர் “ஸ்பிரிங் டைட் ஆகுதுல்ல” என்பார்கள். ஆகவில்லை. வண்டி தரையில் நிற்கும்போது அந்த ஸ்பிரிங் முன்பு எவ்வளவு அமுங்கியிருந்ததோ இப்போதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் அமுங்கியிருக்கிறது.

இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1676இல் ஒரு விதியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். வேறு யாரும் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று எழுத்துகளைக் கலைத்துப் போட்டு விடுகதையாக வெளியிட்டார். விடையை 1678இல்தான் சொன்னார்: நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு. ஒரு ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 10 கிலோ தேவை என்றால், 100 மில்லிமீட்டர் அமுக்க 1,000 கிலோ தேவை. இதைத் திருப்பியும் படிக்கலாம். ஸ்பிரிங் மேல் 1,000 கிலோ இருந்தால் அது 100 மில்லிமீட்டர் அமுங்கித்தான் ஆகும். வளையம் எங்கே இருந்தாலும் சரி. வளையத்தைத் திருகியதால் வண்டியின் எடை கூடவில்லையே! எடை கூடாதபோது ஸ்பிரிங் கூடுதலாக அமுங்க வழியில்லை. வளையம் 10 மில்லிமீட்டர் கீழே வந்தால், அந்த அளவுக்கு வண்டியின் உடம்புதான் மேலே போயாக வேண்டும்.

ஆனால் மட்கார்டில் அளந்து பார்த்தால் 10 இல்லை, ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். இங்கேதான் பாக்குவெட்டி வருகிறது. பாக்குவெட்டியில் பாக்கு கீலுக்குப் பக்கத்தில் இருக்கும், கை தூரத்தில் இருக்கும். கை நிறைய நகரும், பாக்கின் மேல் அலகு கொஞ்சமே நகரும். விசையோ தலைகீழ்: கையில் கொஞ்சம், பாக்கின் மேல் நிறைய. சக்கரத்தைச் சேஸோடு இணைக்கும் சட்டத்தைக் ‘கை’ (கன்ட்ரோல் ஆர்ம்) என்பார்கள். டகோமாவின் கீழ்க் கை அப்படியேதான் அமைந்திருக்கிறது. உள்முனை சேஸில் கீல், வெளிமுனையில் சக்கரம், இரண்டுக்கும் இடையில் காயில்ஓவர். கணக்குக்காக நட்டநடுவில் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் 20 மில்லிமீட்டர் ஏறினால் ஸ்பிரிங் 10 அமுங்கும். சக்கரத்தின் மேல் 500 கிலோ என்றால் ஸ்பிரிங் மேல் 1,000 கிலோ. இரண்டு விளைவும் சேர்வதால், மில்லிமீட்டருக்கு 10 கிலோ கடினம் உள்ள ஸ்பிரிங், சக்கரத்தில் உட்கார்ந்து பார்த்தால் மில்லிமீட்டருக்கு இரண்டரை கிலோதான். பாதியின் பாதி.

சரி, உயரம் இலவசமாகக் கிடைக்கிறதா? இல்லை. நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே 110 மில்லிமீட்டரும் கீழே 90 மில்லிமீட்டரும் போக முடியும் என்று கொள்வோம். மொத்தம் 200. இந்த 200ஐ ஷாக்கின் நீளம் தீர்மானிக்கிறது, வளையம் அல்ல. வளையத்தை 30 மில்லிமீட்டர் திருகி வண்டியை 60 உயர்த்தினால் மேலே 170, கீழே 30 என்று ஆகிவிடும். கீழ்ப்பக்கக் கணக்கிலிருந்து எடுத்து மேல்பக்கக் கணக்கில் போட்டிருக்கிறோம்.

கீழே இறங்கும் தூரம் குறைந்தால் என்ன என்று தோன்றும். பள்ளத்தில் சக்கரம் இறங்கி மண்ணைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். 30 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால் சக்கரம் அந்தரத்தில் தொங்கும், ஷாக் தன் முழு நீளத்துக்கு நீண்டு உள்ளே ‘டக்’ என்று முட்டும். சின்ன வேகத்தடை தாண்டி இறங்கும்போதுகூட அந்தச் சத்தம் கேட்கும். “ஸ்பிரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு” என்று சொல்பவர்களில் பலர் உணர்வது இந்த முட்டலைத்தான்.

இன்னும் திருகிக்கொண்டே போனால் வேடிக்கை. நம் கணக்கில், வளையத்தைத் தொடுவதற்கு முன்பே, சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் ஸ்பிரிங் 55 மில்லிமீட்டர் அமுங்கித்தான் இருக்கிறது, அதாவது 550 கிலோ. இதைத்தான் ப்ரீலோடு என்கிறார்கள். அந்த நிலையிலிருந்து வளையத்தை மொத்தம் 50 மில்லிமீட்டர் இறக்கினால் ப்ரீலோடு 1,050 கிலோ. ஸ்பிரிங் மேல் வரும் வண்டியின் எடையோ 1,000 கிலோதான். அப்போது வண்டி ஸ்பிரிங்கில் உட்காரவே உட்காராது, முழுதாக நீண்ட ஷாக்கின் மேல் முட்டுக்கொடுத்து நிற்கும். அதற்குப் பெயர் சஸ்பென்ஷன் இல்லை, தூண். வளையத்தை எத்தனை அங்குலம் வரை இறக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் வரம்பு போடுவதற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி, பெரிய குழியில் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று மோதிவிடும் என்ற பயம்.

என்னைக் கேட்டால், வளையத்தின் நியாயமான வேலை வண்டியை வானத்துக்குத் தூக்குவது அல்ல, சேர்த்த எடையை ஈடுகட்டுவது. முன்னால் இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சும் மாட்டுகிறார்கள். அவை அச்சுக்கு முன்னால் தொங்குவதால், தங்கள் எடையைவிடச் சற்று அதிகமாகவே முன் சக்கரங்களை அழுத்தும், பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கும். ஒரு சக்கரத்துக்கு 45 கிலோ கூடினால் முன்பக்கம் 18 மில்லிமீட்டர் இறங்கும். வளையத்தை 9 மில்லிமீட்டர் இறக்கினால் பழைய உயரம் திரும்பி வரும், மேலும் கீழும் பழைய 110, 90ம் திரும்பி வரும். ஆனால் பிரேக் போட்டால் மூக்கு முன்பைவிட அதிகமாகக் குத்தும். அதை வளையத்தால் சரிசெய்ய முடியாது, கடினமான வேறு ஸ்பிரிங்தான் வாங்க வேண்டும்.

திருகும் வேலை எளிது, ஆனால் அவசரக்காரர்களுக்கு அல்ல. சேஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, சஸ்பென்ஷன் முழுதாகத் தொங்கும்போது செய்ய வேண்டும். வளையம் பெரும்பாலும் அலுமினியம். மரையில் மணல் இருக்கும்போது திருகினால் மரை அரைபட்டு வளையம் அங்கேயே இறுகிவிடும். பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் விட்டு, பூட்டுத் திருகைத் தளர்த்திய பிறகே கொக்கி ஸ்பேனரைப் போட வேண்டும். எத்தனை சுற்று என்று எண்ணுவதோடு, மரை எவ்வளவு வெளியே தெரிகிறது என்று ஸ்கேலாலும் அளப்பது நல்லது. எண்ணிக்கை பேச்சுவாக்கில் தவறிவிடும்.

வண்டியை இறக்கியவுடன் அளந்தால் அளவு பொய் சொல்லும். டயர்கள் பக்கவாட்டில் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். முன்னும் பின்னும் பத்தடி உருட்டிவிட்டு அளக்க வேண்டும். தரையிலிருந்து அல்ல, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை. அப்போதுதான் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கில் நுழையாது. சஸ்பென்ஷன் கைகளின் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால், அவற்றையும் வண்டி தன் காலில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கிவிட்டால், உள்ளே உள்ள ரப்பர் புஷ் நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும்.

அப்புறம் அந்தப் பிரபலமான சாய்வு. டகோமாவில் ஓட்டுநர் பக்கம், அதாவது இடது பக்கம், கொஞ்சம் தாழ்ந்திருப்பது பலர் கண்ணில் படும். பெட்ரோல் டேங்கும் அந்தப் பக்கம், ஓட்டுபவரும் அந்தப் பக்கம். இடது வளையத்தை மட்டும் இரண்டு சுற்று கூடுதலாகத் திருகுவது வழக்கமான வைத்தியம். ஆனால் எதிர்பார்த்த உயரம் முழுதாகக் கிடைக்காது. டீக்கடை பெஞ்சின் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துப் பாருங்கள். அந்தக் காலும் எதிர்மூலைக் காலும் எடையை வாங்கிக்கொள்ளும், மற்ற இரண்டும் லேசாகும். வண்டியிலும் அதேதான். ஒரு மூலையைத் தூக்கும்போது பின்பக்க ஸ்பிரிங்குகளும், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்வே பாரும் எதிர்த்து நிற்கும்.

அதற்கு முன் யார் குற்றவாளி என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. பின்னால் இழுவைக் கொக்கியின் நட்டநடுவில் ஜாக்கி கொடுத்து, பின் ஸ்பிரிங்குகளின் பாரம் குறையும் வரை சேஸைத் தூக்கி, முன்பக்கத்தை மறுபடி அளக்க வேண்டும். சாய்வு போய்விட்டால் பின்னால் ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. முன் வளையத்தைத் திருகி அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

உயரம் முடிவானதும் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். உயர்த்திய டகோமாவில் காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்து, ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பச் சோம்பல்படும். அதிகம் உயர்த்துபவர்கள் சஸ்பென்ஷனின் மேல் கைகளையும் மாற்றுவது இதற்காகத்தான். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டான சிவி ஜாயின்ட்டின் கோணமும் கூடும், ரப்பர் உறை சீக்கிரம் தேய்ந்து கிழிந்து கிரீஸ் தெறிக்கும். ஹெட்லைட்டையும் கீழே இறக்க வேண்டும், எதிரே வருபவர் நம்மைத் திட்டுவதற்கு முன்.

பூட்டுத் திருகை இறுக்கியதும் வளையத்துக்கும் மரைக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைப்பார்கள் அனுபவசாலிகள். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் குனிந்து பார்க்கும்போது கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால், வளையம் தானாகத் திரும்பியிருக்கிறது. கோடு நேராக இருந்தும் உயரம் சில மில்லிமீட்டர் குறைந்திருந்தால், புது ஸ்பிரிங் கொஞ்சம் படிந்திருக்கிறது.