குழல்மீனுக்கு நோயா, பட்டினியா?

"ரெண்டு நாளா மூலையிலேயே நிக்குது டாக்டர், ஏதாவது மருந்து சொல்லுங்க." கடல்நீர்த் தொட்டியில் குழல்மீன் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் முதலில் கேட்பது மீனின் அடிவயிறு தெரிகிற மாதிரி ஒரு படம். பக்கவாட்டில் எடுத்த படத்தில் ஒன்றும் பிடிபடாது. நிறம் பளிச்சென்றுதான் இருக்கும். செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் வளையம் வளையமாக உடலைச் சுற்றியிருப்பதால் இதன் மெலிவு சுலபமாக வெளியே தெரியாது. அடிவயிறு தட்டையாகவோ லேசாகப் புடைத்தோ இருந்தால் கவலையில்லை. தகடுகளின் விளிம்பு இருபுறமும் துருத்தி, நடுவில் குழி விழுந்திருந்தால் மீன் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்தை ஊற்றினால் இருக்கிற தெம்பும் போய்விடும்.

குழல்மீன் கடல் குதிரையின் நெருங்கிய சொந்தம். அதைப் போலவே பல்லும் கிடையாது, இரைப்பையும் கிடையாது. ஸ்ட்ரா போன்ற மூக்கின் நுனியில் சின்னஞ்சிறு வாய். இரையை நெருங்கி, கண்களை உருட்டிப் பார்த்து, தலையை வெடுக்கென்று மேலே சொடுக்கும். அந்த வேகத்தில் இரை நீரோடு உள்ளே போய்விடும். எல்லாம் சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடுவதால் நம் கண்ணுக்குத் தலை அசைந்தது மட்டும்தான் தெரியும். இரைப்பை இல்லாததால் உண்டதைச் சேர்த்து வைக்கவும் முடியாது. ஆகவே கடலில் பகல் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்கும். தொட்டியில் காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி என்று போட்டால் இதற்குக் கட்டுப்படியாகாது. கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை கொடுக்க வேண்டும்.

எதைக் கொடுப்பது என்பதிலும் தடுமாற்றம் உண்டு. வளர்ந்த ஆர்ட்டீமியாவை (உப்புநீரில் வாழும் சிற்றிறால்) அப்படியே கொடுத்தால் வயிறு நிரம்பும், சத்து சேராது. கொழுப்பு அமிலக் கலவையில் ஊறவிட்டுக் கொடுங்கள். அதைவிட கோப்பிபாட் என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரியை உயிரோடு கொடுப்பது நல்லது. பழகிவிட்டால் உறையவைத்த மைசிஸ் என்ற சின்ன இறால்வகையையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் டாம்செல் போன்ற துடுக்கான மீன்கள் கூட இருந்தால், குழல்மீன் குறிபார்த்து முடிப்பதற்குள் தொட்டியில் தீனி காலியாகிவிடும். கொட்டும் கடல் உயிரியான அனிமோனும், நீரை உறிஞ்சும் மூடியில்லாத பம்ப் வாயும் வேறு வகை ஆபத்து. தண்ணீர் சூடேறினால் நோய் உண்டாக்கும் விப்ரியோ பாக்டீரியாவின் கை ஓங்கும்.

ஒருவர், வரிவரியான உடல்கொண்ட தன் குழல்மீனின் வயிற்றில் ஒட்டுண்ணி பிடித்திருப்பதாகப் படம் அனுப்பினார். மருந்துப் புட்டியும் கையோடு தயார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வால் பக்கம் வராமல் அடிவயிற்றில் மட்டும், சிவந்த மணிகள் ஒரே அளவில் நெருக்கமாக வரிசை கட்டியிருந்தன. அத்தனையும் முட்டை! இந்தக் குடும்பத்தில் பிள்ளை சுமப்பது அப்பாதான். கடல் குதிரைக்கு மூடிய பை உண்டு. இந்த வகைக் குழல்மீன் முட்டைகளை வெட்டவெளியில் வயிற்றில் ஒட்டிக்கொண்டே திரியும். புட்டியைத் திறக்கும் முன் அவர் கேட்டாரே, அதுவே பெரிய காரியம்.

கடல் குதிரை இனங்கள் எல்லாம் 2004 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டிஸ் (CITES) பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அவற்றின் பன்னாட்டு வணிகம் கண்காணிக்கப்படுகிறது. குழல்மீன்கள் அந்தப் பட்டியலில் இல்லை. விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை பவளப்பாறையிலிருந்து நேரே பிடிக்கப்பட்டவை. வழியிலேயே பட்டினி தொடங்கிவிடும். இவை கடலிலிருந்து ஒட்டுண்ணிகளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்பதால், பண்ணையில் பிறந்த கடல் குதிரையோடு ஒரே தொட்டியில் விடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. சில நாடுகளில் இவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்; அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் அனுமதிக்கிற இடத்தில் வாங்குவதாக இருந்தால், ஏழு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும் நீலக்கோட்டுக் குழல்மீன் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆண்கள் இரண்டு சேர்ந்தால் சண்டை, ஜோடியாக வையுங்கள். பணம் கொடுக்கும் முன் கண்முன்னே தீனி போடச் சொல்லுங்கள். தலையைச் சொடுக்கி இரையை எடுக்கிறதா என்று நின்று பாருங்கள். "இப்பதான் சாப்பிட்டுச்சு" என்று பதில் வந்தால், குனிந்து அடிவயிற்றைப் பாருங்கள்.