உடம்பே ஒயராக இருக்கும் கார்

1967ஆம் ஆண்டு செவ்ரோலே கமாரோவின் டேஷ்போர்டில் ரேடியோ இருக்கும் இடம் மிகச் சின்னது. நடுவில் ஒரு சிறு செவ்வக முகம், இருபுறமும் ஒவ்வொரு திருகு, முகத்துக்குக் கீழே ஐந்து பொத்தான்கள். ஒரு பொத்தானை வெளியே இழுத்து, பிடித்த ஸ்டேஷனுக்குத் திருகி வைத்துவிட்டு, மறுபடி உள்ளே அழுத்த வேண்டும். அதற்குப் பிறகு அதை எப்போது அழுத்தினாலும் முள் அதே இடத்துக்கு ஓடிவந்து நிற்கும். மின்னணு நினைவகம் எதுவும் அதில் கிடையாது. பொத்தானுக்குப் பின்னால் ஒரு தகடு, நீங்கள் வைத்த கோணத்தில் இறுகிக்கொள்கிறது. அழுத்தும்போது அந்தத் தகடு ஒரு சட்டத்தைத் தள்ளுகிறது. சட்டத்தோடு சேர்ந்து காயில்களுக்குள் இருக்கும் இரும்புத்தூள் உருளைகள் நகர்கின்றன. உருளை உள்ளே போகப்போக, ரேடியோ கேட்கும் அலைவரிசை கீழே இறங்குகிறது. கார் எவ்வளவு குலுங்கினாலும் ஸ்டேஷன் நழுவாது.

அந்தக் காலத்தில் டெட்ராய்ட் இளைஞர்கள் இப்படிப்பட்ட கார்களை உட்வர்ட் அவென்யூவில் ஓட்டியபோது கேட்டது பெரும்பாலும் ஏஎம் ரேடியோதான். ஆற்றுக்கு அக்கரையில், கனடாவின் வின்ட்சரில் இருந்து, சிகேஎல்டபிள்யூ நிலையம் 800 கிலோஹெர்ட்ஸில் 50,000 வாட் சக்தியோடு பாடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்க டேஷ்போர்டின் மேல்புறம் கண்ணாடியை நோக்கிப் படுத்திருக்கும் ஒற்றை ஸ்பீக்கர் போதும்.

இன்று அந்தக் காரை வைத்திருப்பவருக்குப் போனில் இருக்கும் பாட்டும் அதில் கேட்க வேண்டும். ஆசை நியாயமானது. ஆனால் இன்றைய வழக்கமான ரேடியோவின் முகம் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். பழைய ஓட்டைக்குள் அது போகாது. இதற்காகவே எத்தனையோ டேஷ்போர்டுகளை ரம்பம் வைத்து அறுத்துவிட்டார்கள். தயவுசெய்து அறுக்காதீர்கள். ரேடியோ பத்து வருடத்தில் பழசாகிவிடும், அறுத்த தகடு மட்டும் அப்படியே நிற்கும். பழைய முகத்தோடும் திருகுகளோடும் புது ரேடியோக்கள் தனியாகச் செய்து விற்கப்படுகின்றன. பழைய பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டுப் புதுப் பலகை பொருத்தித் தருபவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம் என்றால், பழைய ரேடியோவைத் தொடாமல், புளூடூத் ஆம்ப்ளிஃபையர் (பாட்டின் சிக்னலை ஸ்பீக்கரை ஓட்டும் அளவுக்குப் பெருக்கும் பெட்டி) ஒன்றை சீட்டுக்கு அடியில் மறைத்து வைத்து, அதற்கென்று தனி ஸ்பீக்கர் போடலாம்.

எந்த வழியில் போனாலும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் காரில் உடம்பும் ஒரு ஒயர். பேட்டரியின் நெகட்டிவ் முனை காரின் இரும்போடு சேர்ந்திருக்கிறது. விளக்கோ ஹார்னோ ரேடியோவோ, ஒரு ஒயரில் கரண்ட் போகும், திரும்பி வருவது உடம்பு வழியாக. மெக்கானிக்குகள் பாடி எர்த் என்று சொல்வது இதைத்தான். அந்த நாளில் பல கார்களில் ஸ்பீக்கரின் ஒரு காலும் இதே எர்த்தில்தான் சேரும்.

புது ரேடியோ அப்படி இல்லை, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இன்ஜின் ஓடும்போது காரில் சுமார் 14 வோல்ட் இருக்கும். எர்த்தை ஒரு முனையாக வைத்தால், ஸ்பீக்கருக்கு மேலே 7, கீழே 7 என்றுதான் ஊசலாட்டம் கிடைக்கும். 4 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கரில் அதன் உச்சம் ஏறக்குறைய 6 வாட். அதனால் இன்றைய ரேடியோவில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள் இருக்கின்றன. ஒன்று இந்தக் காலை மேலே தள்ளும்போது மற்றது அந்தக் காலைக் கீழே இழுக்கும். வோல்ட் இரட்டிப்பானால் சக்தி நான்கு மடங்கு. கணக்குப்படி 24 வாட்டை எட்டலாம். கூடுதல் பேட்டரி எதுவும் இல்லாமல் இவ்வளவு சத்தம் கிடைப்பது எனக்கு இன்றும் பிடித்தமான யோசனை. ஆனால் இங்கே ஸ்பீக்கரின் இரண்டு கால்களும் உயிரோடு இருக்கின்றன. எதையும் எர்த்தில் தொட விடக் கூடாது. பழைய ஒயரை அப்படியே சேர்த்தால் ஒரு ஆம்ப்ளிஃபையர் நேராக உடம்பில் ஷார்ட் ஆகிவிடும். எனவே ஸ்பீக்கருக்குப் புதிதாக இரண்டு ஒயர் இழுப்பதுதான் சரி.

மறுபக்கமும் ஆபத்து உண்டு. கமாரோவில் வந்த டெல்கோ ரேடியோ 10 ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்டது. அதில் கடைசியாக நிற்கும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், பாட்டு வந்தாலும் வராவிட்டாலும் தொடர்ந்து கரண்ட் குடித்துச் சூடாகவே இருக்கும். அதில் கடையில் கிடைக்கும் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அது தாங்காமல் எரிந்துவிடலாம். ஸ்பீக்கரே இல்லாமல் ஆன் செய்தாலும் அதே கதிதான்.

அப்புறம் இரைச்சல். இன்ஜினில் ஒவ்வொரு தீப்பொறியும் ஒரு குட்டி ரேடியோ நிலையம். பொறி தெறிக்கும்போதெல்லாம் ஏஎம்மில் டக் டக் என்று கேட்கும். ஏஎம் என்பதே அலையின் உயரத்தில் பாட்டை ஏற்றும் முறை, தீப்பொறி கெடுப்பதும் அதே உயரத்தைத்தான். எஃப்எம்மில் பாட்டு, அலை நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதில் இருக்கிறது. ஆகவே உயரத்தில் ஒட்டிய குப்பையை ரேடியோ வெட்டி எறிந்துவிட முடிகிறது. ஏஎம்முக்கு இந்த வசதி இல்லை, அதைக் காப்பாற்றுவது மறுபடியும் காரின் உடம்புதான். இரும்பு பானட் ஒரு மூடிபோல இன்ஜினின் ரேடியோ இரைச்சலை உள்ளேயே அடைக்கிறது. கார்வெட் காரைப் பார்த்தால் இது விளங்கும். அதன் உடம்பு ஃபைபர்கிளாஸ், ரேடியோ அலையைத் தடுக்காது. அதனால் ரேடியோவோடு வந்த கார்வெட்களில் தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றித் தனியாக உலோகக் கவசம் போட்டார்கள். ரேடியோ வேண்டாம் என்று வாங்கியவர்களுக்கு அந்தக் கவசம் கிடையாது.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஊளைச் சத்தம் கூடுகிறதா? அது இன்ஜினோடு சுழன்று காருக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர். இன்ஜின் வேகத்தோடு அதன் கரண்டில் இருக்கும் நடுக்கமும் வேகமாகிறது. துரு ஏறிய, பெயின்ட் படிந்த போல்ட்டில் எர்த் எடுத்திருந்தால் அந்த நடுக்கம் பாட்டுக்குள் புகுந்துவிடும். ஃபில்டர் வாங்குவதற்கு முன்னால் உப்புத்தாள் எடுத்து அந்த இடத்தை இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துப் பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

பழைய ரேடியோவை வைத்திருப்பவர்கள் ஆன்டெனாவைக் கழற்றி மாட்டினால் கடைசியாக ஒரு வேலை பாக்கி. ஏஎம் அலையின் நீளம் 1000 கிலோஹெர்ட்ஸில் 300 மீட்டர், ஆன்டெனாவோ ஒரு மீட்டர்கூட இல்லை. அவ்வளவு சின்னக் கம்பியையும் கேபிளையும் ரேடியோவோடு ஒத்துப்போக வைக்க, பெட்டியில் ஒரு சிறிய ட்ரிம்மர் திருகு இருக்கும். 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் மெல்லிசாகக் கேட்கும் ஒரு ஸ்டேஷனைப் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரால் அதை மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒரு இடத்தில் சத்தம் எழும், தாண்டினால் மறுபடி அடங்கும். எழுந்த இடத்துக்குத் திரும்பி வந்து நிறுத்திவிட்டு, அதன் பிறகு ஐந்து பொத்தான்களையும் ஒவ்வொன்றாக வெளியே இழுத்து ஸ்டேஷன் வைக்கத் தொடங்கலாம்.