கார்தூஷ்: மன்னன் பெயரைச் சுற்றிய வளையம்

பண்டைய எகிப்திய மன்னர் துட்டன்காமுனின் கல்லறைப் பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும்போது ‘அரச முத்திரை’ என்ற சொல் அடிக்கடி தலைகாட்டுகிறது. ‘முத்திரை அழிக்கப்பட்டிருக்கிறது’, ‘வேறு முத்திரை தெரிகிறது’ என்று படித்தால், அரக்கில் பதித்த இலச்சினையோ முத்திரை மோதிரமோதான் நினைவுக்கு வரும். அங்கே இருப்பதோ நீள்வட்டக் கோட்டுக்குள் பொறித்த பெயர். கோட்டின் ஒரு முனையில் சிறு குறுக்குக்கோடு. எகிப்தியல் அறிஞர்கள் இதைக் கார்தூஷ் என்பார்கள்.

சொல் பிரெஞ்சு. அதற்கு மூலம் இத்தாலிய ‘கார்த்தோச்சோ’, அதாவது காகிதச் சுருள். ‘கார்த்தா’ என்றால் காகிதம். வெடிமருந்தைக் காகிதத்தில் சுருட்டித் துப்பாக்கிக்குள் திணித்த காலத்தில், அந்தச் சுருளுக்கும், அதாவது தோட்டாவுக்கும், இதே பெயர் ஆயிற்று. 1798இல் நெப்போலியனுடன் எகிப்துக்குப் போன சிப்பாய்கள், கோயில் சுவர்களில் கண்ட நீள்வட்டங்கள் தங்கள் தோட்டாக்களைப் போல இருந்ததால் இப்படி அழைத்தார்கள் என்பது எங்கும் சொல்லப்படும் கதை. சுவையான கதைதான். ஆனால் கட்டடங்களிலும் நிலப்படங்களிலும் பெயரெழுத வரையும் சுருள் சட்டத்துக்கு பிரெஞ்சில் அதற்கு முன்பே கார்தூஷ் என்றுதான் பெயர். சிப்பாய்கள் இல்லாமலேயே இந்தச் சொல் எகிப்து வரை போயிருக்க முடியும் என்பது என் எண்ணம்.

இந்தக் குடும்பத்தில் நமக்கும் ஓர் உறவுண்டு. போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த ‘கடுதாசி’ அதே காகித வேரிலிருந்து முளைத்ததுதான். அச்சு இயந்திரத்துக்கு வாங்கும் மை கார்ட்ரிட்ஜும் அப்படியே.

எகிப்தியரே இதற்கு வைத்திருந்த பெயர் ‘ஷெனு’. சூழ்தல், வளைத்தல் என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. நுணுக்கமாகச் செதுக்கிய கார்தூஷ் ஒன்றை உற்றுப் பார்த்தால் அது வெறும் கோடு இல்லை, கயிறு என்பது தெரியும்: புரிகள் முறுக்கியிருக்கும், குறுக்குக்கோடு என்று தோன்றுவது, கயிற்றின் நுனிகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு. தொடக்கத்தில் வட்டமாக இருந்த வளையம், மன்னரின் பெயர் நீண்டதால் நீள்வட்டமாயிற்று. சூரியன் சுற்றிவரும் உலகம் முழுவதும் இந்தப் பெயருக்கு உரியது என்பது உட்பொருள். நான்காம் வம்சத்து ஸ்னெஃபெரு காலம் முதல் இது நிலையான வழக்கம். மன்னரின் ஐந்து பெயர்களில் அரியணைப் பெயரும் பிறப்புப் பெயரும் மட்டுமே வளையத்துக்குள் வரும். பிற்காலத்து மன்னர் அக்கெனாத்தென் தன் கடவுளான ஆத்தென் என்ற சூரிய வட்டையும் மன்னராகவே பாவித்து, அதன் பெயரையும் வளையங்களுக்குள் எழுதினார்.

துட்டன்காமுன் கல்லறைப் புதையல் முதலில் யாருக்காகச் செய்தது என்ற சண்டை முழுக்க இந்த வளையத்துக்குள்தான் நடக்கிறது. 1922இல் தொல்லியலாளர் ஹோவர்டு கார்ட்டர் கண்டெடுத்த கல்லறையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. துட்டன்காமுன் இறந்தபோது வயது இருபதைத் தொடவில்லை. அவருக்காகவே செய்தவை போதாமல், பிறருக்காகச் செய்தவையும் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கின்றன. அவருடைய உள்ளுறுப்புகளை வைத்த நான்கு தங்கச் சிறுபேழைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கும் குறைவான உயரம். வெளியே எல்லாம் அவர் பெயர். உட்புறத் தகட்டிலோ பெயர்கள் திருத்தப்பட்டிருக்கின்றன. அடியில் ‘அன்க்கெபெரூரே’ என்ற பழைய பெயரின் தடம் தெரிகிறது. துட்டன்காமுனின் அரியணைப் பெயர் ‘நெப்கெபெரூரே’. இரண்டிலும் சூரிய வட்டு, வண்டு, மூன்று சிறுகோடுகள் பொது. உயிரைக் குறிக்கும் ‘அன்க்’ குறியை எடுத்துவிட்டு, ‘நெப்’ என்று ஒலிக்கும் கூடைக் குறியைச் சேர்த்தால் போதும், பேழை கைமாறிவிடும்.

அந்த அன்க்கெபெரூரே யார்? ஸ்மென்க்கரே என்ற ஆணுக்கும் நெஃபெர்நெஃபெருவாத்தென் என்ற அரசிக்கும் இந்த அரியணைப் பெயர் உண்டு. அந்த அரசி, அக்கெனாத்தெனின் மனைவி நெஃபெர்டிட்டியா, அவர் மகள் மெரித்தாத்தெனா என்பதில் அடுத்த சச்சரவு. புகழ்பெற்ற தங்க முகக்கவசத்தின் பெயர் வளையத்திலும் அழிந்த எழுத்துத் தடங்கள் தெரிவதாக எகிப்தியல் அறிஞர் நிக்கோலஸ் ரீவ்ஸ் 2015இல் வாதிட்டார். கவசமே நெஃபெர்டிட்டிக்காகச் செய்தது என்றார். எல்லோரும் இதை ஏற்கவில்லை. சிறுபேழைகளில் கிடைக்கும் சான்றின் உறுதி கவசத்தில் இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. ஆனால் செய்தித்தாள்களில் கவசத்துக்குத்தான் தலைப்பு கிடைக்கிறது.

இதற்கு நேர்மாறானது, துட்டன்காமுன் கல்லறை இருக்கும் அதே மன்னர் பள்ளத்தாக்கில் 1907இல் திறந்த, கேவி 55 என்று எண்ணிட்ட கல்லறை. அங்கிருந்த சவப்பெட்டியில் பெயரைத் திருத்தவில்லை, வளையத்துக்குள் இருந்ததை அடியோடு அகற்றியிருந்தார்கள். முகத்தின் தங்கத் தகட்டையும் பிய்த்திருந்தார்கள். தோண்டுவித்த தியோடர் டேவிஸ் அதை அக்கெனாத்தெனின் தாய் அரசி தியேயின் கல்லறை என்றே அறிவித்தார். உள்ளே இருந்தது ஆண் உடல். துட்டன்காமுனின் தந்தை என்று 2010இல் வெளியான மரபணு ஆய்வு சொன்னது. அந்தத் தந்தை அக்கெனாத்தெனா, ஸ்மென்க்கரேயா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. பெட்டியோ முதலில் கியா என்ற அரசிக்காகச் செய்தது என்பது பலர் கருத்து.

இனி, தமிழில் என்ன சொல்வது? ‘முத்திரை’ என்றால் பதிப்பது. முத்திரையிலும் கார்தூஷ் இடம்பெறும், அதனால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ‘இலச்சினை’ சின்னத்தைக் குறிக்கும். இங்கே இருப்பது சின்னமன்று, படித்துப் பொருள் கொள்ளும் எழுத்து. ‘பெயர்க்கண்ணி’ என்பதையும் எண்ணிப் பார்க்கலாம், கயிற்றுச் சுருக்குக்கு அது மிக நெருக்கம். ஆனால் பறவை பிடிக்கும் கண்ணியும் கண்ணிவெடியும் குறுக்கே வந்து நிற்கும். ‘பெயர்வளையம்’ என்பதே என் தேர்வு. வளைத்தல், ஷெனுவின் வேர்ப்பொருளும்கூட. முதல் முறை ‘அரசப் பெயர்வளையம்’ என்று எழுதிவிட்டு, பிறகு பெயர்வளையம் என்று சுருக்கிக்கொள்ளலாம்: ‘சிறுபேழையின் உட்புறப் பெயர்வளையத்தில் எழுத்து திருத்தப்பட்டிருக்கிறது.’

பழைய நிலப்படங்களின் மூலையில் தலைப்பைச் சுற்றி வரையும் பூவேலைக்கும் கார்தூஷ் என்றே பெயர். அதற்குப் பெயர்வளையம் பொருந்தாது. ‘தலைப்புச் சட்டம்’ என்று எழுதுவதே சரி.