ஒரே நாடு ஒரே சந்தா: மருத்துவ மாணவருக்கு இதில் என்ன இருக்கிறது?

எம்.டி. மாணவர் ஒருவர் தன் ஆய்வேட்டுக்காக ஒரு கட்டுரையைத் தேடுகிறார். தலைப்பும் சுருக்கமும் இணையத்தில் உடனே கிடைக்கின்றன. முழுக்கட்டுரையைத் திறக்கப் போனால் 30 டாலர், 40 டாலர் என்று கேட்கிறது. கல்லூரி நூலகம் அந்த இதழுக்குச் சந்தா கட்டியிருந்தால் அவர் கையைக் கடிக்காது. ஆனால் அந்தச் சந்தாவே நூலகத்தின் கையைக் கடிக்கும். அரிசி விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். ஆய்விதழுக்கு அடுத்த கடை கிடையாது. பதிப்பகம் சொன்னதுதான் விலை. ரூபாய் சரிந்தால் அதற்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

தனித்தனியாகப் பேரம் பேசித் தோற்பதற்குப் பதில் நாடே ஒரு வாடிக்கையாளராகப் போய் நிற்கலாம் என்பதுதான் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் உள்ள சுமார் 1.8 கோடிப் பேர் படிக்கலாம். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஆண்டுக்கு ஆயிரத்து நூறு ரூபாய் சொச்சம். மேலே சொன்ன ஒற்றைக் கட்டுரையின் விலையே அதைத் தாண்டிவிடும். எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி ஆகிய பெரிய பதிப்பகங்களோடு மருத்துவர்களுக்கு அதிகம் தேவைப்படும் பி.எம்.ஜே., லிப்பின்காட் இதழ்களும் பட்டியலில் உண்டு.

மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் மட்டுமே இது பொருந்தும். ஆகவே அரசு மருத்துவக் கல்லூரி மாணவர் காசு கட்ட வேண்டியதில்லை. ஆனால் கல்லூரி இத்திட்டத்தில் பதிவு செய்து, பொறுப்பு அதிகாரி ஒருவரை நியமித்திருக்க வேண்டும். ஒருங்கிணைப்பு, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையத்துடையது. விடுதியிலிருந்தோ வீட்டிலிருந்தோ படிக்கத் தனிக் கணக்கு வேண்டுமா என்பதை நூலகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காததாலேயே பயன்படுத்தாமல் இருப்பவர்கள் உண்டு.

தனியார் கல்லூரி மாணவர் வெளியேதான் நிற்கிறார். நாட்டின் மருத்துவ இடங்களில் ஏறத்தாழப் பாதி அங்கேதான் இருக்கிறது. நாளை இருவரும் பார்க்கப்போவது ஒரே நோயாளிகளைத்தான். பெயரில் மட்டும் ‘ஒரே நாடு’ என்று அவர் முணுமுணுத்தால் தவறில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இது இதழ்களுக்கான சந்தா. வார்டில் நின்றபடி மருந்தளவு பார்க்க உதவும் ‘அப்டுடேட்’ போன்ற சேவைகள் வேறு வகை. அவற்றுக்குத் தனி உரிமம், தனி விலை.

திட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் முதலில் பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் காப்பகத்தில் தேடலாம். அங்கே முழுக்கட்டுரைகள் இலவசம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இதழும் அப்படியே. அங்கும் இல்லையென்றால் கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பலர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள். நீங்கள் கட்டவிருந்த டாலரில் அவர்களுக்குப் பங்கு எதுவும் இல்லை.